சின்சில்லா கூண்டு நாறுகிறதா? முதலில் ஈரத்தைத் தேடுங்கள்

சின்சில்லா என்ற கொறிக்கும் பிராணிக்கு உடம்பு வாடை கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வளர்க்கலாமா என்று யோசிக்கிறவர்களும் சரி, ஏற்கெனவே வளர்க்கிறவர்களும் சரி, என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: வீடு நாறாதா? ஒரே மயிர்த்துளையிலிருந்து 50, 60 முடிகள் முளைக்கிற அளவுக்கு அடர்த்தியான ரோமம் அதற்கு. உண்ணி, பேன் எல்லாம் அதற்குள் புகுந்து குடியேறுவதே கஷ்டம். புழுதியில் புரண்டு எண்ணெய்ப் பிசுக்கைத் தானே எடுத்துக்கொள்ளும். புழுக்கையும் அப்படித்தான், நல்ல புல் தின்கிற சின்சில்லாவின் புழுக்கை காய்ந்து கெட்டியாக இருக்கும், கையில் எடுத்து முகர்ந்தாலும் ஒன்றும் தெரியாது. அது ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கில் போட்டுத் தள்ளும், கூண்டுக்கு வெளியேயும் தெறிக்கும், கூட்டிக் கூட்டி அலுத்துப்போகும், அது வேறு விஷயம். ஆனால் நாறாது.

அப்படியென்றால் கூண்டிலிருந்து வரும் நெடி? அது மூத்திரம். இன்னும் சரியாகச் சொன்னால், ஈரத்தோடு உட்கார்ந்திருக்கும் மூத்திரம். சின்சில்லா ஆண்டிஸ் மலையின் வறண்ட சரிவுகளில் வாழ்ந்த பிராணி. சிலியில் இயாப்பெல் ஊருக்குப் பக்கத்தில் இதற்கென்றே 1983-இல் ஒரு தேசியக் காப்பகம் அமைத்திருக்கிறார்கள், அந்த இடத்தின் படங்களைப் பார்த்தால் கள்ளியும் பாறையும் முட்புதரும்தான். தண்ணீர் கிடைக்காத இடத்தில் பிழைக்க வேண்டிய உடம்பு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு மூத்திரத்தை அடர்த்தியாக வெளியேற்றுகிறது. அளவு கொஞ்சம், ஆனால் அதில் யூரியா நிறைய. புதிதாகப் பெய்த மூத்திரத்தில் பெரிய வாடை இருக்காது. அது நனைத்த இடத்தில் பாக்டீரியா பெருகி, யூரியாவை உடைத்து அம்மோனியாவாக மாற்றும்போதுதான் மூக்கைத் துளைக்கும் நெடி வருகிறது. அந்த வேலை நடக்க ஈரமும் சூடும் வேண்டும். ஈரத்தை எடுத்துவிட்டால் பாக்டீரியாவுக்கு வேலையில்லை. கூண்டு நாற்றத்தைப் பற்றி எனக்குத் தெரிந்த எல்லாமே இந்த ஒரு விஷயத்திலிருந்து வருவதுதான். அதனால் "எந்த பெட்டிங் (கூண்டுத் தரையில் பரப்பும் பொருள்) நாற்றத்தை மறைக்கும்" என்று கேட்காதீர்கள், "எது ஈரத்தை இழுத்துக் கீழே வைத்துக்கொண்டு மேலே காய்ந்தே இருக்கும், அதைத் தின்றாலும் என் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது" என்று கேளுங்கள். ஏனென்றால் தின்னும். சின்சில்லா எதையும் கடித்துப் பார்க்கும்.

நான் இருப்பது டொராண்டோவில். இங்கே பெரும்பாலானவர்கள் போடுவது பைன் மரச்சீவல், அதுவும் கில்ன் டிரைட் என்று பையில் போட்டிருப்பது, அதாவது சூளையில் வைத்து உலர்த்தியது. இந்த வார்த்தை பையில் இருக்கிறதா என்று பார்க்காமல் வாங்கக்கூடாது. பச்சைப் பைனில் நல்ல மணம் வரும், அந்த மணத்தைக் கொடுக்கிற எளிதில் ஆவியாகும் எண்ணெய்கள்தான் மூச்சுக்குழாயையும் கல்லீரலையும் தொந்தரவு செய்பவை. சூளைச் சூட்டில் அவற்றில் பெரும்பகுதி போய்விடும், மரத்தின் ஈரமும் போய்விடும், அதனால் மூத்திரத்தை இழுக்கிற சக்தியும் கூடும். சீடர் என்ற வாசனை மரத்தின் சீவல் மட்டும் எந்த நிலையிலும் வேண்டாம். கடையில் அதைத்தான் "நாற்றத்தைக் கட்டுப்படுத்தும்" என்று எழுதி அடுக்கியிருப்பார்கள், திறந்தால் அலமாரி மணம் கமகமவென்று வரும், நமக்குப் பிடிக்கும். 1967-இலேயே எலியட் வெசல் என்ற மருந்தியல் ஆய்வாளர் சயின்ஸ் இதழில் எழுதியிருக்கிறார்: சிவப்பு சீடர், பைன் போன்ற மென்மரச் சீவல்மேல் வைத்த எலிகளுக்குக் கல்லீரல் நொதிகள் கூடுதலாக வேலை செய்து, தூக்க மருந்து கொடுத்தால் மற்ற எலிகளைவிடச் சீக்கிரம் விழித்துக்கொண்டன. தரையில் போட்ட சீவலே கல்லீரலை மாற்றுகிறது என்றால், 15 வருஷம் அதன்மேலேயே படுத்து, அதையே கடித்து, அதையே முகர்ந்துகொண்டு இருக்கப்போகிற பிராணியைப் பற்றி யோசியுங்கள். அந்த ஆய்வில் பைனும் இருக்கிறதே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அதனால்தான் சூளையில் உலர்த்தியதா என்பதில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறேன். பையைத் திறந்ததும் மரவாசனை பலமாக அடித்தால், மேலே என்ன எழுதியிருந்தாலும் நான் போடமாட்டேன்.

பைனே வேண்டாம் என்றால் ஆஸ்பென். அது வன்மரம், பைனில் இருக்கிற அந்த வாசனை எண்ணெய்கள் அதில் இல்லை, மூச்சுத் தொந்தரவு இருக்கிற சின்சில்லாவுக்கு இதுதான் நிம்மதி. ஆனால் நெடியைப் பைன் அளவுக்கு அடக்காது, கொஞ்சம் சீக்கிரமே மாற்ற வேண்டியிருக்கும், விலையும் கூட. சணல் போல இருக்கும் ஹெம்ப் பெட்டிங் நல்ல பொருள், தூசி குறைவு, ஈரத்தை நன்றாக இழுக்கும். காகிதக் கூழில் செய்த மெத்தென்ற பெட்டிங் ஈரத்தை இழுப்பதில் கெட்டி, முயலுக்கும் வெள்ளெலிக்கும் போடுகிறார்கள். சின்சில்லாவுக்கு எனக்கு அதில் தயக்கம் உண்டு. கொறித்துப் பார்த்துவிட்டு விட்டுவிடுகிறது என்றால் பரவாயில்லை, உட்கார்ந்து தின்கிறது என்றால் உடனே எடுத்துவிடுங்கள். சின்சில்லாவால் வாந்தி எடுக்க முடியாது, உள்ளே போய் உப்பியது வெளியே வருவதற்குக் குடல் ஒன்றுதான் வழி, அந்தக் குடலும் சட்டென்று நின்றுபோகிற ரகம்.

பூனைக்குப் போடும் கட்டியாகிற மண் வேண்டவே வேண்டாம், மேலே சொன்ன அதே காரணம், வயிற்றுக்குள் போனாலும் அது கட்டியாகும். சோளக்கதிர்த் தக்கை சீக்கிரம் பூஞ்சணம் பிடிக்கும். நைஸான மரத்தூள் மூக்குக்குள் போகும். செய்தித்தாள் ஈரத்தை அவ்வளவாக இழுக்காது, மேலே குளம் கட்டும், அதில் சின்சில்லா நடந்து கால் முடியெல்லாம் மஞ்சளாகும்.

இனி ஃபிளீஸ். இதற்கு நான் கட்சி கட்டிப் பேசுவேன், என் கூண்டின் மேல்தட்டுகளில் எல்லாம் இதுதான். பாலியெஸ்டர் கம்பளித் துணி, போர்வைக்குப் பயன்படுத்துவது. வெட்டினால் நூல் பிரியாது என்பதுதான் இதன் பெரிய நன்மை, பருத்தித் துணியோ டவலோ போட்டால் கடித்து நூலை உருவி விழுங்கிவிடும், அல்லது விரலில் சுற்றிக்கொண்டு ரத்த ஓட்டம் நின்றுபோகும். ஆனால் ஃபிளீஸ் தனியாக ஈரத்தை உறிஞ்சாது, அது ஈரத்தைத் தன்வழியாகக் கீழே விடும், அவ்வளவுதான். அதனால் அடியில் உறிஞ்சுகிற ஒரு அடுக்கு வேண்டும், இரண்டையும் சேர்த்து ஓரம் முழுக்க மடித்துத் தைத்துவிட வேண்டும், உள்ளே இருப்பது பல்லுக்கு எட்டாதபடி. கடையிலிருந்து வந்த புது ஃபிளீஸ் தண்ணீரை உள்ளே விடாது, முத்துமுத்தாக மேலேயே நிற்கும். நாலைந்து தடவை வெந்நீரில் துவைத்து எடுத்த பிறகு ஒரு கரண்டித் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள், சட்டென்று கீழே இறங்கினால்தான் கூண்டுக்குத் தயார். துவைக்கும்போது துணி மென்மையாக்கும் திரவம் ஊற்றவே கூடாது, அது இழைகள்மேல் ஒரு பூச்சாகப் படிந்து மறுபடியும் தண்ணீரைத் தடுக்கும், வாசனையும் விட்டுப்போகாது. வாசனையில்லாத சோப்பு, கடைசி அலசலில் கொஞ்சம் வெள்ளை வினிகர், போதும். அடுக்குமாடியில் பொதுச் சலவை அறையைப் பயன்படுத்துகிறவர்கள் முதலில் துணியை வெளியில் நன்றாக உதறி, உருளை பிரஷ் போட்டு முடியை எடுத்துவிட்டு, வலைப்பைக்குள் போட்டுத் துவையுங்கள், அடுத்து வருகிறவர்களின் சட்டையில் சின்சில்லா முடி ஒட்டக்கூடாது.

ஃபிளீஸ் போட்டால் தினமும் கூட்டவேண்டும். சீவலில் புழுக்கை உள்ளே மறைந்துவிடும், ஃபிளீஸில் எல்லாம் கண்ணுக்குத் தெரியும். நிறையப் பேர் இதனாலேயே வெறுத்துவிடுகிறார்கள். எனக்கு இது பிடிக்கும், ஏனென்றால் புழுக்கையின் அளவு சிறுத்தாலோ எண்ணிக்கை குறைந்தாலோ அன்றைக்கே தெரிந்துவிடுகிறது. சின்சில்லா தன் நோயைக் கடைசிவரை மறைக்கும், புழுக்கை மறைக்காது.

நாற்றத்தைக் குறைக்க ஒரே ஒரு காரியம்தான் செய்ய முடியும் என்றால் மூத்திர மூலையைக் கண்டுபிடியுங்கள். புழுக்கையை எங்கும் போடும், அதைப் பழக்க முடியாது. மூத்திரத்துக்கு மட்டும் பெரும்பாலான சின்சில்லாக்கள் ஒன்றிரண்டு மூலைகளையே தேர்ந்தெடுக்கின்றன. எந்த மூலை என்று பார்த்து, அங்கே கனமான கண்ணாடி பேக்கிங் பாத்திரமோ ஸ்டீல் டிரேயோ வைத்து, அதற்குள் சீவல் போட்டு, நனைந்த பழைய சீவல் ஒரு பிடியை மேலே வைத்துவிடுங்கள். பிளாஸ்டிக் வேண்டாம், கடித்துவிடும். என்னிடம் இருப்பவை இரண்டு பெண் சின்சில்லாக்கள், சாம்பியும் பஞ்சுவும். சாம்பி பாத்திரத்தை முதலில் கண்டதுமே ஏற்றுக்கொண்டாள். பஞ்சு அதில் படுத்துத் தூங்கிவிட்டு வெளியே வந்து பக்கத்தில் பெய்வாள். பாத்திரத்தை, ஏறி உட்காருகிற மரத் திட்டுக்குக் கீழே, கொஞ்சம் இருட்டான பக்கத்துக்கு நகர்த்திய பிறகுதான் வழிக்கு வந்தாள். நாம் நினைத்த மூலைக்கு அவர்களை வரவைக்க முடியாது, அவர்கள் மூலைக்கு நாம்தான் போகவேண்டும். டிரேயில் குதிரை லாயத்துக்குப் போடும் பைன் பெல்லட்டும் (மரத்தூளை அழுத்திச் செய்த சின்ன உருளைகள்) போடலாம், ஈரம் பட்டால் ஊதித் தூளாகிவிடும், நெடியை அபாரமாக அடக்கும். தின்கிற சின்சில்லாவுக்கு மட்டும் போடாதீர்கள், வயிற்றிலும் அதேபோல் ஊதும். அடுப்பில் எரிக்க விற்கும் பெல்லட்டையும் வாங்காதீர்கள், எரிவதற்காக வேறு ஏதாவது சேர்த்திருக்கலாம். மூலை பிடிபட்டுவிட்டால், தினமும் அந்த டிரேயை மட்டும் கொட்டிக் கழுவினால் கூண்டின் மற்ற பகுதி ஒரு வாரம் தாங்கும். பிடிபடாவிட்டால் தினமும் நனைந்த இடத்தை மட்டும் அள்ளி எடுத்துப் புதிது போடவேண்டும், வாரம் ஒரு முறை மொத்தமும் மாற்றவேண்டும். சீவலை இரண்டு அங்குலம் கனத்துக்காவது போடுங்கள், சிக்கனம் பார்த்து மெல்லிசாகத் தூவினால் ஈரம் அடியில் டிரேயிலேயே தேங்கி, மேலே காய்ந்தது போல் காட்டி ஏமாற்றும்.

கழுவுவதற்கு வெள்ளை வினிகரும் தண்ணீரும் சரிபாதி. அம்மோனியா காரம், வினிகர் அமிலம், இரண்டும் சேர்ந்தால் நெடி அங்கேயே அடங்கிவிடும். டிரேயின் மூலையில் வெள்ளையாக, சுரண்டினாலும் வராத ஒரு படிவு இருக்கும், சின்சில்லா மூத்திரத்தில் இருக்கிற கால்சியம் அது. அதன்மேல் வினிகரை ஊற்றி 15 நிமிஷம் விட்டுவிட்டுத் தேய்த்தால் வந்துவிடும். அந்தப் படிவை எடுக்காமல் எத்தனை புதுச் சீவல் போட்டாலும் நாற்றம் இரண்டு நாளில் திரும்பி வரும், ஏனென்றால் பாக்டீரியா அந்தச் சொரசொரப்புக்குள்ளேயே இருக்கிறது. பிறகு தண்ணீரில் அலசி, முழுக்கக் காயவிட்டு, அப்புறம்தான் சீவல். ஈரத் தட்டில் சீவல் போடுவது, நாமே முதல் மூத்திரத்தைப் போய்விட்டு வருவதற்குச் சமம். பிளீச் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை: மூத்திரம் இருக்கிற இடத்தில் பிளீச் பட்டால் குளோரமின் வாயு வரும், வினிகரோடு பிளீச் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். இரண்டும் நமக்கே ஆபத்து, அரைகிலோ எடையுள்ள பிராணிக்குச் சொல்லவே வேண்டாம்.

பெட்டிங்கை மாற்றியாகிவிட்டது, டிரேயைத் தேய்த்தாகிவிட்டது, இன்னும் நெடி இருக்கிறதா? தண்ணீர் பாட்டிலைப் பாருங்கள். குழாய் முனையில் சொட்டுகிற பாட்டில் ஒரு ராத்திரியில் ஒரு மூலையையே நமுத்துப்போகச் செய்யும், அந்த நமுத்த சீவல்மேல் மூத்திரம் பட்டால் எந்த மரமும் தாங்காது. அடுத்து மரத் திட்டுகள். பூச்சு இல்லாத மரம் மூத்திரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும். வினிகர் போட்டுத் துடைத்து வெயிலில் ஒரு பகல் காயவைத்து, பிறகு உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் புதிதாகும், ரொம்பக் கறுத்துவிட்டால் அந்தத் திட்டை மாற்றுவதே நல்லது. ஓடுகிற சக்கரத்தின் பின்பக்கம், டிரேக்கும் கூண்டுக் கம்பிக்கும் நடுவில் இருக்கிற இடுக்கு, கூண்டுக்குப் பின்னால் இருக்கிற சுவர், இவற்றையும் பாருங்கள். பெண் சின்சில்லாவுக்குக் கோபம் வந்தால் பின்னங்கால்களில் நின்று மூத்திரத்தைப் பீய்ச்சி அடிக்கும், சுவரில் படும், நாம் கூண்டுக்குள்ளேயே தேடிக்கொண்டிருப்போம். கூண்டின் பின்பக்கத்தில் ஒரு அக்ரிலிக் பலகை மாட்டினால் துடைப்பது சுலபம், பல்லுக்கு எட்டாமல் வெளிப்புறமாக மாட்டுங்கள். புழுதிக் குளியல் பாத்திரத்தையும் கூண்டுக்குள் விட்டு வைக்காதீர்கள், 10, 15 நிமிஷத்தில் எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் அதுவே இன்னொரு கழிப்பறை. பயந்தால் பின்பக்கச் சுரப்பியிலிருந்து கருகிய பாதாம் மாதிரி ஒரு வாடை விடும், அது அழுக்கே இல்லை, கொஞ்ச நேரத்தில் போய்விடும், அதற்காகக் கூண்டைக் கழுவ வேண்டாம்.

அறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். டொராண்டோவில் குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடி வீடு வறண்டு கிடக்கும், ஒரு தொந்தரவும் இருக்காது. ஜூன் பிறந்ததும் அதே கூண்டு, அதே சீவல், அதே சின்சில்லா, ஆனால் மூன்றாம் நாளே நெடி. காற்றில் ஈரம் ஏறிவிட்டது, அவ்வளவுதான். பேஸ்மென்டில் குடியிருக்கிறவர்களுக்கு இது இன்னும் மோசம். மலிவான ஈரப்பதமானி ஒன்றை வாங்கிக் கூண்டுக்குப் பக்கத்தில் வையுங்கள், 50 சதவீதத்துக்கு மேல் போனால் காற்றின் ஈரத்தை இழுக்கும் டீஹியூமிடிஃபையரைப் போடுங்கள். நாற்றத்துக்காக மட்டும் சொல்லவில்லை, ஈரக் காற்றில் அந்த ரோமம் காயாது, அடியில் படர்தாமரைப் பூஞ்சை வரும். வெப்பம் 20 டிகிரியை ஒட்டி இருக்கட்டும், 25-ஐத் தாண்ட விடாதீர்கள். கம்பிக் கூண்டு வேண்டும், கண்ணாடித் தொட்டி வேண்டாம், தொட்டிக்குள் அம்மோனியா வெளியேற வழியில்லை, நம் மூக்கு ஐந்தடி உயரத்தில் இருக்கிறது, அவர்கள் மூக்கு தரையிலிருந்து இரண்டு அங்குலத்தில் இருக்கிறது. நமக்கு லேசாகத் தெரிகிறது என்றால் அவர்களுக்கு ஏற்கெனவே கண் எரிகிறது என்று அர்த்தம்.

அதனால்தான் வாசனை ஸ்பிரே, பிளக்கில் மாட்டும் வாசனைத் திரவம், வாசனை மெழுகுவர்த்தி, எண்ணெய் டிஃப்யூசர், ஊதுபத்தி, சாம்பிராணி எதுவும் அந்த அறையில் கூடாது என்கிறேன். நுரையீரலுக்குக் கெடுதல் என்பது ஒரு பக்கம். அந்த நெடிதான் நமக்குக் கிடைக்கிற ஒரே அறிவிப்பு, அதை மல்லிகை வாசனையால் மூடினால் அம்மோனியா குறைவதில்லை, நமக்குத் தெரியாமல் போகிறது. வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடுகிற வீடென்றால் சின்சில்லா அறையின் கதவை மூடி, கீழே துணியை வைத்து அடைத்துவிட்டுப் போடுங்கள். காற்றுச் சுத்திகரிப்பான் வாங்கினால் புழுதித் தூசிக்கும் முடிக்கும் உதவும், நெடிக்கு வேண்டுமென்றால் கனமான கரி வடிகட்டி இருப்பதைப் பார்த்து வாங்கவேண்டும்.

சென்னையிலிருந்து, மதுரையிலிருந்து கேட்கிறவர்களுக்கு: 24 மணி நேரமும் ஏசி ஓடுகிற அறையும், கரண்ட் போனால் உடனே பிடிக்கிற ஜெனரேட்டரோ இன்வெர்ட்டரோ இல்லாவிட்டால் சின்சில்லா வேண்டாம். அதற்கு வியர்க்காது, அந்த ரோமத்தோடு மே மாதப் பகலில் இரண்டு மணி நேரம் கரண்ட் போனாலே உயிர் போய்விடலாம். இதைக் கோபமாகச் சொல்லவில்லை, பாசத்தோடுதான் சொல்கிறேன்.

எல்லாம் சரியாகச் செய்தும் வாடை மாறியிருந்தால் அது பெட்டிங் பிரச்சினை இல்லை. புழுக்கை மெத்தென்று ஒட்டி நாறினால் தீனியையோ குடலையோ பாருங்கள், உலர்பழமும் திண்பண்டமும் கூடிப்போயிருக்கும். மூத்திரம் மஞ்சளிலிருந்து செம்பழுப்பு வரை இருக்கலாம், வெளியே வந்த பிறகு காற்றுப்பட்டும் நிறம் கூடும், அதைப் பார்த்துப் பயப்படவேண்டாம். ஆனால் முக்கி முக்கிச் சொட்டுச் சொட்டாகப் பெய்தாலோ, முதுகை வளைத்து உட்கார்ந்தாலோ, அடிவயிற்றுப் பக்கம் எப்போதும் நனைந்திருந்தாலோ மூத்திரப்பையில் கல் இருக்கலாம், அன்றைக்கே மருத்துவரிடம் போகவேண்டும். தாடையும் மார்பும் ஈரமாகிப் புளித்த வாடை வந்தால் பல் பிரச்சினை. அதற்கும் காத்திருக்கக்கூடாது. பொதுவாக நாய் பூனை பார்க்கிறவரிடம் போகாமல், சின்சில்லா பார்த்துப் பழகிய மருத்துவரை முன்கூட்டியே தேடி எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், ராத்திரி இரண்டு மணிக்குத் தேட முடியாது.

இப்போது என் கூண்டில் இருப்பது: கீழ்த்தட்டில் சூளையில் உலர்த்திய பைன் சீவல், மூலையில் பாத்திரம், மேல்தட்டுகளில் ஃபிளீஸ். சீவலைச் செல்லப்பிராணிக் கடையில் சின்னப் பையாக வாங்காமல், பண்ணைப் பொருள் விற்கிற கடையில் குதிரைக்கென்று அழுத்திக் கட்டி வைத்திருக்கும் பெரிய கட்டாக வாங்குகிறேன், ரொம்ப மலிவு, சீடர் கலக்காதது என்று மட்டும் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். கட்டைப் பிரித்ததும் மூடியுள்ள தொட்டியில் கொட்டி உலர்ந்த இடத்தில் வைக்கவேண்டும், பேஸ்மென்ட் தரையில் அப்படியே விட்டால் பயன்படுத்தும் முன்பே நமுத்துவிடும். எடுத்த பழைய சீவலும் புழுக்கையும் டொராண்டோவில் மட்கும் குப்பைக்கான பச்சைத் தொட்டியில் போகும், பிராணிகளின் கழிவையும் பெட்டிங்கையும் நகராட்சி அதில் எடுத்துக்கொள்கிறது. தோட்டம் இருக்கிறவர்கள் உரக்குழியில் காய்ந்த இலைக்குப் பதிலாகப் போடலாம், மூத்திரத்தில் நைட்ரஜன் இருப்பதால் சீவல் மட்க அது உதவும். ஃபிளீஸிலிருந்து உதறிய முடியை மட்டும் குப்பையில் போட்டுவிடுங்கள்.